குழாய் விட்டத்துக்குள் ஒரு பாடத்திட்டம்: பொறியியல் கல்வியில் நிலைத்தன்மையைச் சேர்ப்பது பற்றிய நிகழ்வு ஆய்வு

பொறியியல் கல்வியில் நீடித்த நிலைத்தன்மை பெரும்பாலும் தனித் தாளாகத்தான் நுழைகிறது. இரண்டு கிரெடிட், 17 நீடித்த வளர்ச்சி இலக்குகள், காற்று மாசு, கழிவு மேலாண்மை, கடைசியில் ஒரு கட்டுரைக் கேள்வி. அந்தத் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவர் அடுத்த மணி நேரத்தில் பாய்ம இயக்கவியல் வகுப்புக்குப் போய் ஒரு பம்ப்பைத் தேர்வு செய்கிறார். அது இருபது ஆண்டுகளில் எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமலே அங்கேயும் முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. கோளாறு இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அங்கீகார விதிகளே இப்போது இந்தப் பக்கம் நகர்ந்துவிட்டன. பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்பதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையின் பட்டதாரிப் பண்புகளில் 2013 பதிப்பு வரை ‘சுற்றுச்சூழலும் நிலைத்தன்மையும்’ ஏழாவது பண்பாகத் தனியே நின்றது. 2021 பதிப்பில் அந்தத் தனி வரி இல்லை. வடிவமைப்பு பற்றிய மூன்றாவது பண்புக்குள்ளேயே முழு ஆயுட்காலச் செலவும் நிகர பூஜ்ஜிய கரிமமும் வந்துவிட்டன. வடிவமைப்புக் கணக்கில் அவை இல்லையென்றால் அது முடிந்த கணக்கு ஆகாது என்பதே இதன் பொருள்.

இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு வீட்டுக்கணக்கு. நான்காம் பருவத்தில் எல்லோரும் போடும் குழாய்–பம்ப் கணக்குதான். அதைத் திருத்தி எழுதினால் எத்தனை பாடப்பொருள் உள்ளே வருகிறது, எங்கே சறுக்குகிறது, ஆய்வகத்தில் எது மாணவரை ஏமாற்றுகிறது என்பதைப் பார்க்கலாம்.

பழைய கணக்கும் திருத்திய கணக்கும்

பழைய வடிவம் இது: விநாடிக்கு 20 லிட்டர் தண்ணீரை 300 மீட்டர் நீளமுள்ள 100 மி.மீ. எஃகுக் குழாய் வழியாக 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். பம்ப்பின் திறன் என்ன? விட்டம் கேள்வியிலேயே கொடுக்கப்பட்டிருக்கிறது. முடிவெடுக்க வேண்டிய ஒரே விஷயத்தை ஆசிரியரே முடிவெடுத்துக் கொடுத்துவிட்டார். மிச்சமிருப்பது, குழாயின் உராய்வு இழப்பைத் தரும் டார்சி–வைஸ்பாக் சூத்திரத்தில் எண்ணைப் போடுவது மட்டும்.

திருத்திய வடிவத்தில் விட்டம் கிடையாது. 100, 125, 150, 200 மி.மீ. என நான்கு தெரிவுகள் உண்டு. ஆண்டுக்கு 6,000 மணி நேர ஓட்டம், 20 ஆண்டு ஆயுள். பம்ப்பும் மோட்டாரும் சேர்ந்த செயல்திறன் 65 சதவீதம், குழாயின் உட்பரப்புச் சொரசொரப்பு 0.045 மி.மீ. எஃகு எடைக்கு ஷெட்யூல் 40 என்ற நிலையான குழாய்த் தடிமன் அட்டவணை. உள்விட்டத்தை முழு எண்ணாக்கிக் கொள்ளலாம். வளைவு, வால்வு இழப்புகளை முதல் சுற்றில் விட்டுவிடலாம், இரண்டாம் சுற்றில் சேர்க்க வேண்டும். கிடைக்கும் விடைகள்:

| விட்டம் (மி.மீ.) | வேகம் (மீ./வி.) | உராய்வு இழப்பு (மீ.) | மின்திறன் (கிலோவாட்) | ஆண்டு மின்சாரம் (யூனிட்) | எஃகு (டன்) |
|---|---|---|---|---|---|
| 100 | 2.55 | 18.1 | 8.5 | 50,900 | 4.8 |
| 125 | 1.63 | 5.9 | 4.8 | 28,800 | 6.5 |
| 150 | 1.13 | 2.4 | 3.7 | 22,400 | 8.5 |
| 200 | 0.64 | 0.6 | 3.2 | 19,100 | 12.8 |

இந்த அட்டவணை மட்டும் கையில் இருந்தால் வகுப்பு முழுவதும் 200 மி.மீ. என்று எழுதிவிடும். பெரிய குழாய், குறைந்த மின்சாரம், பசுமை. வேலை முடிந்தது என்ற மனநிலை. இங்கே நிறுத்திவிட்டால் மாணவர் கற்றது ஒரு சுலோகம் மட்டுமே. அதனால்தான் அட்டவணையில் எஃகு எடை என்ற கடைசி நெடுவரிசை இருக்கிறது.

ஒரு கிலோ எஃகுக் குழாய்க்கு 2.5 கிலோ கரிம உமிழ்வு என்று வைத்துக்கொள்வோம். மின்சாரத்துக்கு இரண்டு நிலைமைகள்: நிலக்கரியை நம்பிய மின்கட்டமைப்பில் யூனிட்டுக்கு 0.7 கிலோ, தூய மின்கட்டமைப்பில் 0.05 கிலோ. ஓட்ட நேரத்துக்கும் இரண்டு: 6,000, 1,500. இவை கணக்குக்கான அனுமானங்கள் என்று தாளிலேயே எழுதிவிட வேண்டும். 20 ஆண்டு மொத்த உமிழ்வு, டன்னில்:

| நிலைமை | 100 | 125 | 150 | 200 |
|---|---|---|---|---|
| 6,000 மணி, 0.7 | 725 | 419 | 335 | 300 |
| 6,000 மணி, 0.05 | 63 | 45 | 44 | 51 |
| 1,500 மணி, 0.7 | 190 | 117 | 100 | 99 |
| 1,500 மணி, 0.05 | 25 | 24 | 27 | 37 |

முதல் வரிசையில் 200 வெல்கிறது. இரண்டாவதில் 150. மூன்றாவதில் 150-க்கும் 200-க்கும் இடையே உள்ள வித்தியாசம் அனுமானப் பிழைக்குள் அடங்கிவிடும். நான்காவதில் 125 முன்னே வருகிறது, ஆனால் 100-ஐ விட ஒரு டன்தான் குறைவு. ஒரே தண்ணீர், ஒரே உயரம், ஒரே நீளம். ஆனால் சரியான விட்டம் மூன்று முறை மாறுகிறது. எல்லா நிலைமையிலும் செல்லும் ‘பசுமைக் குழாய்’ என்று ஒன்று கிடையாது என்பதை எந்தச் சொற்பொழிவும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது.

ஒவ்வொரு படி ஏறும்போதும் கூடுதல் எஃகு எத்தனை நாளில் தன் கடனை அடைக்கிறது என்று கேட்பது இன்னும் கூர்மையானது. முதல் நிலைமையில் 100-இலிருந்து 125-க்குப் போக 1.7 டன் எஃகு கூடுகிறது, அதாவது 4.3 டன் உமிழ்வு. ஆண்டுக்கு மிச்சமாவது 15.5 டன். மூன்று மாதத்துக்குச் சற்று மேல் போனால் கடன் தீர்ந்துவிடும். 150-இலிருந்து 200-க்குப் போவதற்கு 4.7 ஆண்டு பிடிக்கும். அதே தாவலைத் தூய மின்சாரத்தில் செய்தால் சுமார் 66 ஆண்டு. குழாயின் ஆயுளையே தாண்டிவிடும். மொத்தத்தை ஒப்பிடும் மாணவருக்கு விடை கிடைக்கும். படிப்படியாக ஒப்பிடுபவருக்குத்தான் எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரியும்.

பணக் கணக்கையும் பக்கத்திலேயே போட வைக்க வேண்டும். விலைப் பட்டியலை ஆசிரியர் தம் ஊர் நிலவரப்படி கொடுக்கலாம். வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி வீதம் ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால், 20 ஆண்டு மின்கட்டணத்தின் இன்றைய மதிப்பு ஓராண்டுக் கட்டணத்தைப் போல 8.5 மடங்குதான், 20 மடங்கு இல்லை. அதனால் பணம் சொல்லும் விட்டம் கரிமம் சொல்லும் விட்டத்தைவிடச் சிறியதாக வரக்கூடும். இரண்டும் ஒத்துப்போகாதபோது யாருக்கு எப்படி எழுதிச் சொல்வது என்பதும் பொறியியல் வேலைதான்.

வீட்டுக்கணக்கை நடத்தும் விதம்

ஐந்து வாரம் போதும், வகுப்பு நேரம் கூட்ட வேண்டியதில்லை. ஒரே மாதிரியான உராய்வுக் கணக்குகள் ஏழெட்டு இருக்கும் இடத்தில் மூன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டால் நேரம் கிடைத்துவிடும்.

முதல் வாரம் செயல் அலகும் (எந்தப் பயனை அடிப்படையாக வைத்து ஒப்பிடுகிறோம் என்பது) எல்லையும். ஆயுட்கால மதிப்பீட்டுக்கான ஐஎஸ்ஓ 14040 தரநிலை சொல்லும் நான்கு கட்டங்களில் இது முதலாவது, நோக்கமும் வரம்பும். ‘ஒரு மீட்டர் குழாய்’ என்று செயல் அலகு எழுதி வரும் குழுவைத் திருப்பி அனுப்ப வேண்டும், ஏனென்றால் அந்த அலகில் மெல்லிய குழாய்தான் எப்போதும் ஜெயிக்கும். ‘மணிக்கு 72 கன மீட்டர் தண்ணீரை 10 மீட்டர் உயர்த்துவது, ஆண்டுக்கு 6,000 மணி, 20 ஆண்டு’ என்று எழுதி வந்தால் அடுத்த கட்டம். இரண்டாம் வாரம் நீரியல் கணக்கு, கையாலும் விரிதாளிலும். மூன்றாம் வாரம் பொருள், ஆற்றல் கணக்கெடுப்பு. நான்காம் வாரம் எண்களை மாற்றிப் பார்ப்பது. ஐந்தாம் வாரம் ஒரு பக்க முடிவுக் கடிதம். படிப்பவர் பொறியாளர் அல்லாத நிர்வாகி.

மதிப்பெண் பகிர்வு: செயல் அலகும் எல்லையும் 20, நீரியல் 25, கணக்கெடுப்பு 20, எண் மாற்றப் பரிசோதனை 20, கடிதம் 15. நீரியலுக்கு 25-க்குக் கீழே போகக் கூடாது. ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டு உமிழ்வைப் பற்றி அழகாக எழுதும் அறிக்கைக்குத் தேர்ச்சி கொடுத்தால், பக்கத்து அறை ஆசிரியர் ‘இதெல்லாம் தரத்தைக் குறைக்கும்’ என்று சொல்வார். அதில் நியாயமும் இருக்கும்.

எழுத்துத் தேர்விலும் இது வர வேண்டும். தேர்வில் கேட்காத பாடம் மாணவர் கண்ணுக்குப் பாடமே இல்லை. மேலே உள்ள இரண்டாம் அட்டவணையின் இரண்டு வரிசைகளைக் கொடுத்து, விடை ஏன் மாறுகிறது என்று எட்டு வரியில் எழுதச் சொல்வது போதும்.

மென்பொருளை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். ஆயுட்கால மதிப்பீட்டு மென்பொருளான ஓப்பன்எல்சிஏ இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் முதல் முறையே அதைத் திறக்கும் மாணவர், தரவுத்தளத்தில் எஃகு என்று தேடி வரும் பல வரிகளில் முதல் வரியைத் தேர்ந்தெடுத்துவிடுவார். ஆறு வரி விரிதாளில் கையால் போட்ட பிறகு மென்பொருளுக்குப் போனால், வரும் எண் நம்பத்தக்கதா என்று அவராலேயே சொல்ல முடியும்.

ஆய்வகம்: வாட்மீட்டர் அசையாத இடம்

தேவையானவை: 15, 20 மி.மீ. உள்விட்டமுள்ள வழவழப்பான பிளாஸ்டிக் குழாய்கள், அளவெடுக்கும் பகுதி தலா 3 மீட்டர், வேகத்தை மாற்றக்கூடிய நேர்மின் பம்ப், அதற்கு மின்னழுத்தம் மாற்றும் மின்வழங்கி, ஓட்ட அளவி, அழுத்த வேறுபாட்டை அளக்கும், தண்ணீர் நிரப்பிய யு-குழாய் மானோமீட்டர், வாட்மீட்டர், ஒரு வால்வு. நிமிடத்துக்கு 20 லிட்டர் ஓட்டத்தில், வழவழப்பான குழாய்க்கான பிளாசியஸ் உராய்வுச் சூத்திரப்படி 15 மி.மீ. குழாயில் சுமார் 0.89 மீட்டர் இழப்பும் 20 மி.மீ. குழாயில் சுமார் 0.23 மீட்டர் இழப்பும் வர வேண்டும். விகிதம் 3.9. விட்டத்தின் ஐந்தாம் அடுக்கு என்று மனப்பாடம் செய்தவர் 4.2 எதிர்பார்ப்பார், உராய்வுக் காரணியும் ரெனால்ட்ஸ் எண்ணோடு மாறுவதால் அது 4.75-ஆம் அடுக்காகிறது.

முதல் அளவுத் துளைக்கு முன்னால் விட்டத்தைப் போல 40 மடங்கு நேர்க்குழாய் வேண்டும், 15 மி.மீ. குழாய்க்கு அது 600 மி.மீ. ஆகும். அளவுத் துளையின் உள்விளிம்பில் பிசிறு இருந்தால் அளவு தாறுமாறாகும். மானோமீட்டர்க் குழாயில் ஒரு காற்றுக் குமிழி நின்றாலே வாசிப்பு பல சென்டிமீட்டர் தப்பும். தட்டி, சாய்த்து, வெளியேற்றிவிட்டுத்தான் எழுத வேண்டும்.

இனி முக்கியமான இடம். மாணவர்கள் முதலில் 15 மி.மீ. குழாயில் 20 லிட்டர் ஓட்டம் வைத்து வாட்மீட்டரைப் பார்க்கிறார்கள். பிறகு 20 மி.மீ. குழாய்க்கு மாற்றுகிறார்கள். ஓட்டம் கூடிவிடுகிறது. மறுபடி 20 லிட்டருக்குக் கொண்டுவர வால்வை மூடுகிறார்கள். வாட்மீட்டர் பழைய எண்ணையே காட்டுகிறது. ‘பெரிய குழாயால் மிச்சம் ஒன்றும் இல்லை’ என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவார்கள்.

அளவில் தப்பில்லை. பம்ப்பின் வேகமும் ஓட்டமும் மாறாதபோது பம்ப் கொடுக்கும் ஹெட்டும் (மீட்டர் உயரமாகச் சொல்லும் அழுத்தம்) மாறாது, மின்திறனும் மாறாது. குழாயில் போன இழப்பு இப்போது வால்வில் போகிறது, அவ்வளவுதான். வால்வுக்கு முன்னும் பின்னும் ஒரு மானோமீட்டர் வைத்தால் காணாமல்போன 0.66 மீட்டர் அங்கே உட்கார்ந்திருக்கும். வால்வை முழுதாகத் திறந்துவிட்டு மின்னழுத்தத்தைக் குறைத்து 20 லிட்டருக்குக் கொண்டுவந்தால்தான் வாட்மீட்டர் இறங்கும். இந்த வாட்மீட்டர்ப் பரிசோதனையை ஆசிரியர் முன்கூட்டி விளக்கிவிடக் கூடாது. அந்தத் தப்பான வரியை மாணவர் எழுதட்டும். அடுத்த வாரம் அவரே அடித்துத் திருத்தட்டும்.

குழாயையும் பம்ப்பையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்குத் தொழிற்சாலை அளவில் நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு, 1997-இல் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் ஷாங்காய் தரைவிரிப்பு ஆலைக்கான திரவச் சுற்று. முதல் வடிவமைப்பில் 95 குதிரைத்திறன் தேவைப்பட்டது. பொறியாளர் யான் ஷில்ஹாம் அதை 7 குதிரைத்திறனாகக் குறைத்தார். புதிய கருவி எதுவும் இல்லை. பெரிய குழாய், சிறிய பம்ப். இன்னொன்று, முதலில் குழாய்களை நேராகப் போட்டுவிட்டு அதற்கேற்பக் கருவிகளை வைத்தார். வழக்கத்தில் கருவிகளை வைத்துவிட்டுக் குழாயை வளைத்து வளைத்துக் கொண்டுபோவார்கள்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

பாதுகாப்பு விளிம்பை அடுக்குவது முதலாவது. 150 மி.மீ. குழாய்க்கு ஓட்டத்தில் 10 சதவீதம் கூட்டி, வந்த ஹெட்டில் இன்னொரு 15 சதவீதம் கூட்டினால், 3.7 கிலோவாட் 4.9 ஆகிவிடும். மோட்டார் 4 கிலோவாட்டில் முடிய வேண்டியது அடுத்த தர அளவான 5.5-க்குத் தாவும். பிறகு வால்வை மூடி ஓட்டுவார்கள். குழாயைப் பெரிதாக்கி மிச்சம் பிடித்ததில் கணிசமான பகுதி இந்தக் கூட்டலில் கரைந்துவிடும். ‘விளிம்பு எந்த இடத்தில், யார் சொல்லி, எவ்வளவு’ என்று ஒரே ஒரு வரி எழுத வைத்தால் அடுக்கல் நின்றுவிடும்.

அடுத்தது, மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவியான வி.எஃப்.டி. மேல் வைக்கும் அதீத நம்பிக்கை. மின்திறன் வேகத்தின் மும்மடியாக மாறும் என்ற விதியைப் படித்த மாணவர், வேகத்தைப் பாதியாக்கினால் 87.5 சதவீத மிச்சம் என்று எழுதுகிறார். உயரம் ஏற்ற வேண்டியில்லாத மூடிய சுற்றோட்டத்தில் அது ஏறக்குறைய சரி. இந்தக் கணக்கில் 150 மி.மீ. குழாய்க்கான 12.4 மீட்டர் ஹெட்டில் 10 மீட்டர் நிலை ஹெட், அதாவது ஏற்ற வேண்டிய உயரம். வேகம் என்னவானாலும் அது குறையாது. வெளியேறும் வழியை அடைத்து ஓட்டமே இல்லாத நிலையில் 16 மீட்டர் கொடுக்கும் பம்ப் பாதி வேகத்தில் 4 மீட்டர்தான் கொடுக்கும். மிச்சம் இருக்கட்டும், தண்ணீரே மேலே ஏறாது.

அலகுப் பிழைகள் சலிப்பூட்டுபவை, ஆனால் ஒவ்வொரு வருடமும் வரும். மெகாவாட் மணிக்கான உமிழ்வு எண்ணை யூனிட்டுக்குப் போட்டால் விடை 1,000 மடங்கு தப்பும். எஃகு மறுசுழற்சிக்கு இரண்டு முறை சலுகை எடுப்பதும் உண்டு: வாங்கும்போது ‘மறுசுழற்சி எஃகு’ என்று ஒரு தடவை, ஆயுள் முடிவில் ‘மறுசுழற்சிக்குப் போகும்’ என்று இன்னொரு தடவை. ஏதாவது ஒரு பக்கம்தான் எடுக்கலாம்.

200 மி.மீ. குழாயில் வேகம் 0.64 மீட்டர். சுத்தமான தண்ணீருக்குச் சரி. மணலோ வண்டலோ கலந்திருந்தால் அந்த வேகத்தில் அடியில் படியும். சில ஆண்டுகளில் 200 என்பது பெயரளவில்தான் 200. கரிமக் கணக்கு இதைச் சொல்லாது. அறிக்கையில் தண்ணீரின் தரம் பற்றி ஒரு வரி கேட்டால் போதும்.

மிகவும் தாமதமாக வரும் கேள்வி, விநாடிக்கு 20 லிட்டர் எதற்கு என்பது. கசிவு 20 சதவீதம் இருந்தால், அதை அடைப்பது 150-க்கும் 200-க்கும் இடையே யோசிப்பதைவிடப் பெரிய மிச்சம். தண்ணீர் ஏற்றுவது மலிவானால் அதிகமாக ஏற்றுவார்கள் என்பதும் உண்டு. நிலக்கரியின் திறமான பயன்பாடு நுகர்வைக் கூட்டியதை ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865-லேயே எழுதினார். நான்காம் வாரத்தில் ஒரு குழுவைப் பயனாளர்களாகவும் இன்னொன்றை நிலத்தடி நீரை நம்பும் பக்கத்து ஊராகவும் உட்கார வைத்தால் இந்தக் கேள்வி தானாக எழும். சமூகப் பக்கத்தைப் பொறியியல் மாணவர்கள் எளிதில் விட்டுவிடுகிறார்கள். அதற்கு இடம் ஒதுக்காவிட்டால் வரவே வராது.

மற்ற ஆசிரியர்களிடம் கொண்டுபோவது

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1998-இல் எடுத்த முடிவுக்கு மூன்று கிளைகள்: எல்லோருக்கும் ஓர் அடிப்படைப் பாடம், வழக்கமான பாடங்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் பின்னல், விரும்புவோருக்குச் சிறப்புப் பட்ட வழி. நடுக்கிளைதான் கடினம். அங்கே பலன் தந்த முறை, ஆசிரியர்களைக் கூட்டிச் சொற்பொழிவு நடத்துவது அல்ல, ஒவ்வொருவரோடும் தனியே உட்கார்ந்து அவர் துறையின் மொழியில் பேசுவது. அந்தச் சந்திப்புக்குப் போகிறவர் கையில் இரண்டு காகிதம் இருந்தால் நல்லது: அந்தப் பாடத்தின் சென்ற ஆண்டு வினாத்தாள், ஒரு பழைய வீட்டுக்கணக்கு. ‘நிலைத்தன்மையைச் சேருங்கள்’ என்று கேட்டால் நேரமில்லை என்பார். ‘இந்தக் கணக்கில் விட்டத்தை ஏன் நீங்களே கொடுத்தீர்கள்’ என்று கேட்டால் பேச்சு தொடரும்.

கட்டமைப்புப் பாடத்தில் விட்டத்தின் இடத்தில் கான்கிரீட்டின் தரமும் தளத்தின் இடைவெளியும் வரும். மின்பொறியியலில் கேபிளின் குறுக்குப் பரப்பு. செம்பு கூடினால் மின்தடை இழப்பு குறையும், கணக்கின் எலும்புக்கூடு அப்படியே இதுதான். மின்னணுவியலில் திசை மாறும்: குறைவாக ஓடும் கருவிகள் பலவற்றில் சுமை உற்பத்திப் பக்கத்தில் இருக்கும், அதனால் செயல்திறனைவிட ஆயுளும் பழுதுபார்க்கும் வசதியும் முன்னுக்கு வரும். கணிதத் தாள்களில் வலிந்து திணிக்க வேண்டாம். வகையீட்டுச் சமன்பாட்டுக்கு உதாரணமாக மீன்வளத்தைப் போட்டால் நிலைத்தன்மை கற்பித்ததாகிவிடாது.

கணக்குத் தாளின் தலைப்பில் ஆண்டும், உமிழ்வு எண் எடுத்த இடமும், மாற்றிய ஆசிரியரின் சுருக்கொப்பமும் இருக்க வேண்டும். மின்கட்டமைப்பின் உமிழ்வு எண் ஆண்டுதோறும் நகர்கிறது, 0.7 என்று ஒருமுறை அச்சடித்த தாளைப் பத்து ஆண்டு ஓட்டினால், 200 மி.மீ. என்ற விடையும் வழிவழியாக அடுத்த வகுப்புக்குப் போய்க்கொண்டே இருக்கும்.